மாடிக் குழாயில் மணல் அடைப்பு: மழைக்கு முன்பே எடுப்பது எப்படி?

கீழக்கரை, தொண்டி, பாம்பன் பக்கத்துப் பழைய வீடுகளில், ஐப்பசி மழை கொட்டும்போதுதான் மாடித் தண்ணீர் இறங்கவில்லை என்பதே தெரியவரும். கச்சான் காற்று மாதக்கணக்கில் தூவிய மணல், துருவோடும் வேப்பஞ்சருகோடும் சேர்ந்து குழாயின் அடி வளைவில் கல்லாய் இறுகியிருக்கும். புரட்டாசியிலேயே பார்த்துவிடுங்கள்.

முதல் வேலை, மாடியைத் துடைப்பத்தால் கூட்டி மணலை அள்ளுவது. கழுவிவிடாதீர்கள், கழுவினால் அந்த மணலும் குழாய்க்குள்தான் போகும்.

அடுத்து, அடைப்பு எங்கே என்று பாருங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாயாக இல்லாவிட்டால், சின்ன மரக்கட்டையால் குழாயைக் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். மணல் நிற்கும் இடத்தில் 'தொம்' என்று அமுங்கிக் கேட்கும். காலி இடத்தில் கணீரென்று ஒலிக்கும். ஒலி மாறும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தாலும் ஒலி அமுங்கும் என்பதால், மாடியில் இருக்கும் குழாய் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிடுங்கள். 4 இஞ்ச் குழாயில் 10 அடி தண்ணீர் நின்றால் சுமார் 25 லிட்டர். அடைப்பு விட்டதும் அத்தனையும் மணலோடு பாயும். குழாயின் கீழ் வாய்க்கு நேரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள்.

பெரும்பாலானவர்கள் மேலிருந்து கம்பியால் குத்துவார்கள், இல்லையென்றால் மோட்டாரை முழு வேகத்தில் திறந்துவிடுவார்கள். இரண்டிலும் மணல் இன்னும் இறுகும். துருப்பிடித்த இரும்புக் குழாயாக இருந்தால் மூட்டு விட்டு, ஈரம் சுண்ணாம்புச் சுவருக்குள் இறங்கிவிடும். ஆசிட்டும் வேண்டாம். அது மணலைக் கரைக்காது, இரும்பையும் சுண்ணாம்பையும்தான் தின்னும்.

கீழிருந்துதான் எடுக்க வேண்டும். வளைவில் இறுகியதை மூங்கில் பிளாச்சால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள். பிறகு அரை இஞ்ச் ஓஸை உள்ளே நுழைத்து, தண்ணீரை மெதுவாக விட்டபடியே மேலே தள்ளுங்கள். தண்ணீர் பட்ட மணல் இளகி, ஓஸைச் சுற்றியிருக்கும் இடைவெளி வழியாகத் தானே வழியும். ஓஸ் முட்டி நின்றால் அழுத்தாமல் அரை அடி இழுத்து, திருப்பி, மறுபடி தள்ளுங்கள். இதற்குக் குடம் கணக்கில் வாங்கும் நல்ல தண்ணீர் தேவையில்லை, கிணற்று உப்புத் தண்ணீரே போதும். இரும்புக் குழாய்க்கு மட்டும் கடைசியாக இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாயைத் தட்டவோ, சுரண்டவோ, அறுக்கவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. விஷயம் தெரிந்தவரை அழையுங்கள்.

வளைவு உடைந்திருந்தால் கதவு வைத்த பிவிசி எல்போ போடுங்கள். அடுத்த வருடம் கதவின் திருகாணியைக் கழற்றிக் கையாலேயே மணலை அள்ளிவிடலாம். பசை ஒட்டியபின் ஒரு நாள் தண்ணீர் விடக்கூடாது. தரையில் படுத்து ஓடும் குழாய்க்கு 10 அடிக்கு இரண்டரை இஞ்ச் வாட்டம் வேண்டும். வாட்டம் குறைந்தால் மணல் அங்கேயே படியும். மாடி வாய்க்குப் பிளாஸ்டிக் குமிழ் சல்லடை போடுங்கள். இரும்பு வலை உப்புக் காற்றில் சீக்கிரம் உதிர்ந்து, அதுவே அடைப்பாகிவிடும். சல்லடை சருகைத் தடுக்குமே தவிர மணலைத் தடுக்காது, அதனால் மாடியைக் கூட்டுவதை விடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் 15 லிட்டர் வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் மாடியில் இருக்கும் குழாய் வாய்க்குள் ஊற்றுங்கள். ஊற்றிய வேகத்திலேயே கீழே கொட்ட வேண்டும். தேங்கி, சுழன்று இறங்கினால் உள்ளே இன்னும் மணல் இருக்கிறது. ஓஸை மறுபடி எடுங்கள்.