நீலக்கல் எந்த ஊர்க் கல்? இரசாயனச் சோதனையில் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் சனிக்கென்று போடும் நீல மோதிரத்தின் அடிப்பக்கத்தைத் திறந்தே விடுவார்கள், கல் தோலில் படவேண்டும் என்று. அந்தத் திறப்புக்குள் திருநீறும் சந்தனமும் சவர்க்காரமும் வருடக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும். எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, ஒவ்வொரு தனிமமும் திருப்பி வீசும் தனிக் கோட்டை வாசிக்கும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியில் அப்படியே வைத்தால் திருநீற்றின் கல்சியமும் பொட்டாசியமும் கல்லின் கணக்கில் ஏறிவிடும். அதைவிடக் கெட்டது தங்கம். அதன் கோடு கலியம் (gallium) என்ற தனிமத்தின் கோட்டுக்குப் பக்கத்திலேயே விழும். கலியமோ பிறப்பிடம் பார்க்கும்போது முதலில் தேடும் தனிமங்களில் ஒன்று. கல்லைக் கழற்றி, அல்ககோலால் துடைத்த பிறகே வையுங்கள்.

செயற்கைக் கல்லுக்கு ஊர் தேடுவதும் நடக்கிறது. சுடரில் உருக்கிச் செய்த நீலத்தில் கலியம் அநேகமாக இராது. கலியம் காணவில்லையென்றால் உடனே சந்தேகப்படுங்கள்.

லேசரால் கல்லைத் துளி ஆவியாக்கி அணுக்களைத் திணிவால் பிரித்து எண்ணும் லேசர் திணிவு நிறமாலைமானி சுமார் 50 மைக்ரோன் அகலக் குழி ஒன்றைத் தோண்டி அளக்கும். தலைமயிரைவிட மெல்லியது, கண்ணுக்கு இலகுவில் தெரியாது. இலங்கை நீலத்தில் நிறம் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும். நீலத் திட்டில் கிடைக்கும் தைத்தானியம் வெள்ளைத் திட்டில் கிடைக்காது. ஆகவே விளிம்பில், வேறு வேறு நிறத் திட்டுகளில், குறைந்தது 3 புள்ளிகள். அளவீடு ஓடும்போது சேர்க்கோனியம் திடீரென்று எகிறினால் லேசர் உள்ளே கிடந்த சேர்க்கோன் போன்ற வேறு கனிமத் துணிக்கையில் பட்டிருக்கிறது. அந்தப் புள்ளியை எறிந்துவிடுங்கள்.

பெரிய பிழை எண்ணை ஊராக வாசிப்பது. கலியத்தை மக்னீசியத்தால் வகுத்து 10-க்கு மேல் வந்தால் பெரும்பாலும் அவுஸ்திரேலியா, தாய்லாந்து போன்ற எரிமலைப் பாறைக் கற்கள்; இரும்பும் கூடுதலாக இருக்கும். கீழே வந்தால் இலங்கை, காஷ்மீர், பர்மா, மடகாஸ்கர் எதுவாகவும் இருக்கலாம். அது குடும்பப் பெயர்தான், முகவரியல்ல. 1998-இல் மடகாஸ்கரின் இலகாகாவில் நீலம் வெளிப்பட்டதிலிருந்து தலையிடி கூடிவிட்டது. கொண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தில் இலங்கையும் மடகாஸ்கரும் ஒன்றாகக் கிடந்தவை. ஏறத்தாழ 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் ஒரே மாதிரியான சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்தவை. எண்கள் ஒன்றின்மேல் ஒன்று விழத்தான் செய்யும். அங்கே நுணுக்குக்காட்டி வேண்டும்: ரூட்டைல் என்ற தைத்தானியக் கனிமத்தின் நீண்ட ஊசிகளும் திரவம் நிறைந்த குழிகளும் இலங்கைப் பக்கம் சாயும், கொத்தாகக் கிடக்கும் சேர்க்கோன் மணிகள் மடகாஸ்கர் பக்கம். சூடேற்றி நீலமாக்கிய கெவுடா என்ற மங்கலான பால்நிறக் கல்லில் ஊசிகள் கரைந்துபோயிருந்தால் ‘தீர்மானிக்க முடியவில்லை’ என்று எழுதுவதே நேர்மை.

கலியம்-மக்னீசிய விகிதத்தையும் எக்ஸ்-கதிர்க் கருவியில் எடுக்காதீர்கள். கல்லே அலுமினியம் ஒட்சைட்டு. அலுமினியத்தின் பேரொளியில் பக்கத்துச் சிறு மக்னீசியம் மறைந்துபோகும். மக்னீசியத்துக்கே இந்தக் கதியென்றால், கனகபுஷ்பராகத்துக்கு நிறமேற்றச் செலுத்தும் பெரிலியம் அதில் அடியோடு தெரியாது.