மூச்சை நீங்களே எண்ணுங்கள்: நிமோனியா நோயாளியைப் பார்க்கும் புதிய செவிலியருக்கு

எந்த வார்டிலும் பழைய கேஸ் ஷீட் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். மூச்சு எண்ணிக்கை என்ற கட்டத்தில் பெரும்பாலும் 20 என்றே இருக்கும். காய்ச்சலில் துடிப்பவருக்கும் 20, நன்றாகத் தூங்குபவருக்கும் 20. யாரும் எண்ணவில்லை என்பதுதான் அதன் பொருள். நாடி, இரத்த அழுத்தம், சாச்சுரேஷன் (இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பது) எல்லாவற்றுக்கும் கருவி இருக்கிறது. மூச்சை எண்ண மட்டும் ஒருவர் நின்று பார்க்க வேண்டும், அதனால் அது விட்டுப்போகிறது. நுரையீரல் தொற்று நோயாளியிடம் நீங்கள் எடுக்கும் முடிவுகளில் பாதி இந்த ஓர் எண்ணில்தான் நிற்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 68 வயது ஆண், வலது நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா, நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜனில் இருக்கிறார். இரவுப் பணியில் நீங்கள் பொறுப்பேற்கிறீர்கள்.

படி 1: நெருங்கும் முன் ஒரு கேள்வி

"எத்தனை நாளாக இருமல்?" இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால், அதிலும் எடை குறைந்து மாலைக் காய்ச்சலும் இருந்தால், காசநோய் இல்லை என்று உறுதியாகும்வரை அது காசநோயாக இருக்கலாம் என்றே நடந்துகொள்ளுங்கள். நோயாளிக்கு சர்ஜிக்கல் மாஸ்க், உங்களுக்கு என்95 மாஸ்க். தனி அறை கிடைக்காத பொது வார்டில் ஜன்னலோரப் படுக்கைக்கு மாற்றுவதும் ஒரு முடிவுதான். அதற்கு யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டாம், பொறுப்புச் செவிலியரிடம் சொன்னால் போதும்.

படி 2: ஒரு முழு நிமிடம்

பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். சீரற்ற மூச்சில் அது தவறும். "மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொல்லவும் வேண்டாம். சொன்னதும் மூச்சு மாறிவிடும். நாடி பிடிப்பதுபோல மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு மார்பையோ வயிற்றையோ பாருங்கள். கழுத்துத் தசைகள் இழுக்கின்றனவா, மூக்கின் ஓரங்கள் விரிகின்றனவா, ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்கிறாரா என்பதும் அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25ஐத் தொட்டால் எச்சரிக்கை.

படி 3: சாச்சுரேஷனைத் தனியாகப் படிக்காதீர்கள்

நம் நோயாளிக்குப் பல்ஸ் ஆக்சிமீட்டர் 96 காட்டுகிறது. நல்ல எண்தான், ஆனால் அது 2 லிட்டர் ஆக்சிஜனோடு வந்த 96. பதிவு செய்யும்போது லிட்டரையும் சேர்த்தே எழுதுங்கள். நகச்சாயம், குளிர்ந்த விரல், நடுங்கும் கை எல்லாம் கருவியைக் குழப்பும். கருமையான தோலில் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெரும்பாலோருக்கு இலக்கு 94 முதல் 98. நெடுநாள் பீடி குடித்தவர், விறகடுப்புப் புகையில் ஆண்டுக்கணக்கில் சமைத்த பாட்டி போன்றோருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கலாம். அத்தகையோரில் கரியமில வாயு தேங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு மருத்துவர் 88 முதல் 92 வரை இலக்கு வைப்பார். அங்கே 99 பார்த்து மகிழக் கூடாது. அதற்காக, 80இல் மூச்சுத் திணறுபவருக்கு ஆக்சிஜன் கொடுக்கப் பயப்படவும் கூடாது. கொடுத்துவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள்.

படி 4: மதிப்பெண் போடுங்கள்

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய நியூஸ்2 அட்டவணை புதியவர்களுக்கு நல்ல கைத்தடி. ஒவ்வோர் அளவும் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதற்கு அது மதிப்பெண் தரும், மொத்தம் கூடினால் ஆபத்தும் கூடுகிறது. நம் நோயாளிக்கு நாடி 104: 1 மதிப்பெண். ஆக்சிஜன் ஓடுகிறது: 2. சாச்சுரேஷன் 96, இரத்த அழுத்தத்தின் மேல் எண் 124, வெப்பம் 37.8 செல்சியஸ், தெளிந்த நினைவு: எல்லாம் 0. மூச்சு 20 என்று எழுதியிருந்தால் மொத்தம் 3. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று அட்டவணை சொல்லும்.

நீங்கள் எண்ணினீர்கள், 26. அதற்கு மட்டும் 3 மதிப்பெண், மொத்தம் 6. இப்போது மணிக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும், மருத்துவர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும். நோயாளி அதே நோயாளிதான்.

முதியவர்களிடம் காய்ச்சலே இல்லாமல் போகலாம். "அப்பா நேற்றிலிருந்து ஏதோ உளறுகிறார்" என்று மகள் சொன்னால் அதை வயதின் மேல் போடாதீர்கள். புதிதாக வந்த குழப்பத்துக்கும் இதே அட்டவணையில் 3 மதிப்பெண்.

படி 5: உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள்

படுக்கையின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள். ஒரு பக்க நிமோனியாவில் நல்ல நுரையீரல் கீழே இருக்குமாறு ஒருக்களித்துப் படுப்பது பொதுவாக உதவும். நம் நோயாளிக்கு அது இடப்பக்கம். சளியில் இரத்தம் வருபவருக்கு இது பொருந்தாது, மருத்துவரைக் கேளுங்கள்.

ஆக்சிஜன் கருவியில் ஒரு விதியை மறக்காதீர்கள். சாதாரண மாஸ்க்கை 5 லிட்டருக்குக் கீழே ஓட்டக் கூடாது, வெளிவிட்ட காற்றையே நோயாளி மீண்டும் இழுப்பார். குறைவாகப் போதுமென்றால் மூக்குக் குழாய்க்கு மாற்றுங்கள். பை வைத்த மாஸ்க்குக்கு 10 முதல் 15 லிட்டர் வேண்டும், பை உப்பிய பிறகே முகத்தில் வையுங்கள்.

படி 6: தொலைபேசியில் என்ன சொல்வது

"டாக்டர், நோயாளிக்கு முடியவில்லை" என்றால் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் "சரி, பார்க்கிறேன்" என்பார். இப்படிச் சொல்லுங்கள்: "டாக்டர், ஆண்கள் வார்டு, 14ஆம் படுக்கை. 68 வயது, வலது நிமோனியா. மாலையில் மூச்சு 20 என்று பதிவாகியிருக்கிறது, இப்போது எண்ணினேன், 26. 2 லிட்டரில் சாச்சுரேஷன் 96, நாடி 104, நியூஸ் 6. மோசமாகிறார் என்று நினைக்கிறேன். நீங்கள் இப்போது வந்து பார்க்க வேண்டும்." சொன்ன நேரத்தையும் கிடைத்த பதிலையும் எழுதுங்கள். பதில் வரவில்லையென்றால் அடுத்த நிலை மருத்துவரை அழைப்பது அத்துமீறல் ஆகாது.

படி 7: மருந்து, சளி, வாய்

புதிய ஆன்டிபயாடிக் எழுதினால், ஒவ்வாமை கேட்டு, இரத்தக் கல்ச்சரை (கிருமியைக் கண்டறியும் இரத்த மாதிரி) முதலில் எடுங்கள். அதைக் காரணம் காட்டி ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். செப்சிஸ் அதிர்ச்சி, அதாவது தொற்று உடலெங்கும் பாதித்து இரத்த அழுத்தம் விழுந்த நிலை என்றால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும். சளி மாதிரிக்கு வாய் கொப்பளிக்கச் சொல்லி, ஆழ்ந்து இருமி வருவதையே வாங்குங்கள். எச்சில் வந்தால் ஆய்வகம் திருப்பி அனுப்பும்.

சாப்பாடு விஷயத்தில் உறவினர்களிடம் கொஞ்சம் கண்டிப்பு தேவை. படுத்திருப்பவர் வாயில் அன்போடு கஞ்சி ஊற்றுவார்கள், அது நேராக நுரையீரலுக்குப் போகும். நிமிர்ந்து உட்கார வைத்த பிறகே ஊட்ட வேண்டும், முடித்தபின் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. மூச்சு 30 ஓடும்போது வாய்வழி உணவே வேண்டாம், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 8: அமைதியைச் சந்தேகியுங்கள்

மருத்துவர் வந்து போன பிறகும் மணிக்கு ஒருமுறை எண்ணுங்கள். 34 ஓடிக்கொண்டிருந்த மூச்சு 14 ஆகி, நோயாளி அசையாமல் கண்ணயர்ந்தால், முதலில் தட்டி எழுப்புங்கள். கண் விழித்துத் தெளிவாகப் பேசினால் குணமாகிறார். விழிக்கச் சிரமப்பட்டால் தசைகள் களைத்துக் கரியமில வாயு ஏறுகிறது. அது அவசர அழைப்பு.

காலையில் பொறுப்பை ஒப்படைக்கும்போது கேஸ் ஷீட்டை நீட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். அடுத்து வருபவரைப் படுக்கைக்கு அழைத்துச் சென்று, இருவரும் சேர்ந்து ஒரு நிமிடம் எண்ணி, அந்த எண்ணை எழுதுங்கள்.