தேங்காய்த் தொட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன்: கழிவுநீரிலிருந்து செம்பைப் பிரிப்பது எப்படி?

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டிக் கொழிஞ்சாம்பாறை வரை தேங்காய்த் தொட்டிக்குப் பஞ்சமே இல்லை. அதைச் சுட்டு, நுண்துளைகள் பெருகச் செய்த கரிதான் ஆக்டிவேட்டட் கார்பன். ஆனால் வெறுமனே சுட்ட தொட்டிக்கரியை அப்படியே கழிவுநீரில் போட்டால் அதிலுள்ள உலோகம் பெரிதாகக் குறையாது. அயோடின் எண் (நுண்துளைகளின் அளவைக் காட்டும் எண்) 1000 என்று விற்கும் நீராவி கார்பனை நம்பினாலும் ஏமாற்றம்தான். 800 முதல் 1000 டிகிரியில் நீராவி செலுத்தினால் நுண்துளைகள் பெருகும். நிறத்தையும் நாற்றத்தையும் நீக்க அது போதும். செம்பு, நிக்கல், ஈயம் போன்றவை ஒட்ட, கரியின் மேற்பரப்பில் ஆக்சிஜன் கலந்த அமிலத் தொகுதிகள் வேண்டும். பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துக் குறைந்த சூட்டில் சுட்டால் அவை நிறையக் கிடைக்கும்.

இதைக் கல்லூரி ஆய்வகத்தில், ஃபியூம் ஹூட் (நச்சுப்புகையை வெளியே இழுக்கும் கூண்டு) உள்ள இடத்தில் மட்டும் செய்யுங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

1. ஊறவைத்தல்

நாரைச் சுரண்டி, கழுவிக் காயவைத்த தொட்டியை 1 முதல் 2 மி.மீ. துண்டுகளாக இடித்து 100 கிராம் எடுங்கள். 125 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 105 மி.லி. மெதுவாக ஊற்றுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. துண்டுகளை அதில் 24 மணி நேரம் ஊறவிட்டு, ஆய்வக உலர்த்தும் அடுப்பில் 110 டிகிரியில் உலர்த்துங்கள்.

2. சுடுதல்

மூடியுள்ள பீங்கான் குரூசிபிளில் (சூடு தாங்கும் கிண்ணம்) முக்கால் பங்கு நிரப்பி, மஃபிள் உலையில் (உயர்சூட்டு மின் உலை) நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 450 வரை ஏற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். திறக்கும்போது சாம்பல் பூத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, மூடி சரியில்லை. முழுதாக ஆறும் முன் வெளியே எடுத்தால் கரி பற்றிக்கொள்ளும்.

3. கழுவுதல்

பலர் அவசரப்படும் இடம் இது. கரிக்குள் அமிலம் மிச்சமிருந்தால் சோதனை நீரின் பிஎச் (அமில-கார அளவு) சரியும். பாஸ்பேட் மிச்சமிருந்தாலோ அது உலோகத்தோடு சேர்ந்து வீழ்படிவாகும். கரி உறிஞ்சியது என்று நாம் நினைத்துக்கொள்வோம். கழுவிய நீரின் பிஎச் 6 வரும் வரை சூடான காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்பக் கழுவுங்கள். கடைசிக் கழுவுநீரில் நைட்ரிக் அமிலமும் அம்மோனியம் மாலிப்டேட்டும் சேர்த்துச் சூடாக்கினால் மஞ்சள் தட்டக் கூடாது; தட்டினால் பாஸ்பேட் இன்னும் இருக்கிறது. அமிலக் கழுவுநீரைச் சுண்ணாம்பால் சமன்செய்த பிறகே வெளியேற்றுங்கள். கரியை உலர்த்தி, அரைத்து, 150 முதல் 300 மைக்ரான் அளவில் சலியுங்கள்.

4. சோதனை

உரக்கடையில் போர்டோ கலவைக்கு வாங்கும் மயில்துத்தம் போதும். அதில் கால் பங்கு செம்பு, 0.2 கிராமை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் ஏறக்குறைய 50 மி.கி./லி. வரும். போர் தண்ணீர் வேண்டாம். அதன் காரத்தன்மையே செம்பைப் படியவைக்கும், கால்சியமும் இடத்துக்குப் போட்டி போடும்.

பிஎச் 5 வையுங்கள். 2, 3 என்று இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 6 நெருங்கினால் செம்பு ஹைட்ராக்சைடாகத் தானே படியும். அதைக் கண்டுபிடிக்க, கரி போடாத குடுவை ஒன்று எப்போதும் கூடவே ஓடட்டும்.

ஒவ்வொரு குடுவையிலும் 100 மி.லி. கரைசல், 0.2 கிராம் கரி. எல்லாவற்றையும் குலுக்கிக்கொண்டே இருந்து, 5, 15, 30, 60, 120 நிமிடங்களில் ஒவ்வொன்றாக நிறுத்தி வடிகட்டுங்கள். வடிதாளும் கொஞ்சம் செம்பைப் பிடிக்கும், அதனால் முதல் 10 மி.லி.யைத் தனியே ஒதுக்குங்கள். மீதியில் 50 மி.லி. எடுத்து அம்மோனியா 5 மி.லி. சேர்த்து நெஸ்லர் குழாயில் (நிறம் ஒப்பிடும் தட்டை அடிக் கண்ணாடிக் குழாய்) ஊற்றி, வெள்ளைத் தாள் மேல் வைத்து மேலிருந்து பாருங்கள். அதேபோல அம்மோனியா சேர்த்த 10, 20, 30, 40, 50 மி.கி./லி. தரக்கரைசல்களின் (செம்பின் அளவு தெரிந்த கரைசல்கள்) நீலத்தோடு ஒப்பிட்டால் தோராய அளவு தெரியும். சரியான எண்ணுக்கு அணு உறிஞ்சல் நிறமாலைமானிதான் வேண்டும்.

கணக்கு எளிது. 50 இலிருந்து 10க்கு இறங்கினால், 40ஐ 0.1 லிட்டரால் பெருக்கி 0.2 கிராமால் வகுக்கவும்: கிராமுக்கு 20 மி.கி. உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்பு செம்புக்கு 3 மி.கி./லி. என்பதால், இந்தப் பத்தும் போதாது. கரியைக் கூட்டிப் பாருங்கள்.

5. உண்மையான கழிவுநீர்

கோவை முலாம் பட்டறைத் தண்ணீரை நேரே கரியில் விட்டால் கரி சீக்கிரம் நிரம்பிவிடும். முதலில் சுண்ணாம்பால் பெரும்பங்கைப் படியவைத்து, தெளிந்ததன் பிஎச்சைச் சரிசெய்து மிச்சத்துக்கு மட்டும் கரியைப் பயன்படுத்துங்கள். சயனைடு உள்ள முலாம் கரைசல் கலந்த நீரில் ஒரு துளி அமிலமும் சேர்க்காதீர்கள். கிளம்பும் ஹைட்ரஜன் சயனைடு உயிரைப் பறிக்கும்.

நீரை மஞ்சளாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் செம்புக்கு நேர்மாறானது, பிஎச் 2 முதல் 3 வரை நன்றாகப் பிடிக்கும். ஆனால் கரி அதில் ஒரு பகுதியை மூன்று இணைதிறனாக மாற்றி நீரிலேயே விட்டுவிடும். மஞ்சள் போய்விட்டது என்று நிறுத்தாமல் மொத்தக் குரோமியத்தையும் அளக்க வேண்டும்.

நிரம்பிய செம்புக் கரியை 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குலுக்கினால் செம்பு பெரும்பாலும் கழன்றுவரும். கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். ஓய்ந்த கரியைத் தென்னை வேரடியில் கொட்டக் கூடாது. தனியே மூடி வைத்து, அபாயக் கழிவு எடுக்க உரிமம் பெற்றவர்களிடம் கொடுங்கள்.