ஏற்காட்டு டாக்டரும் ஒரு கொலையும்: அந்தக் காலத்துத் துப்பறியும் நாடகம் எழுதுவது எப்படி?

எங்கள் தெரு ஆண்டு விழாவுக்காகப் போன வருடம் ஒரு மேடை நாடகம் எழுதினேன். கதை நடப்பது 1937 டிசம்பரில், ஏற்காட்டில். காப்பித் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை செடிகளுக்கு நடுவே இறந்து கிடக்கிறார். போலீஸுக்கு ஊர் டாக்டர் உதவுகிறார். காட்சி பிரிப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. ஆண்டை முடிவு செய்யுங்கள்

"வெள்ளைக்காரன் காலம்" என்று பொத்தாம்பொதுவாக வைத்தால் கதை நிற்காது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில்தான் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. ஆகவே கொலை நடந்த இரவு ஒளிந்து சாராயம் குடித்த சாட்சி, "வீட்டில் தூங்கினேன்" என்றுதான் சொல்வான். கொலை செய்யாதவனும் பொய் சொல்லக் காரணம் கிடைத்துவிட்டது.

2. டாக்டர் ஏன் வருகிறார்?

துப்பறியும் ஆசை என்று எழுதாதீர்கள். 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவே போதும். சந்தேக மரணம் என்றால் ஊர்க்காரர்கள் முன்னிலையில் பிரேத விசாரணை செய்து, உடலை அரசு நியமித்த டாக்டரிடம் போலீஸ் அனுப்ப வேண்டும். என் டாக்டர் சர்க்கார் ஆஸ்பத்திரி எல்.எம்.பி., அதாவது அந்தக் காலத்து மருத்துவ டிப்ளமா படித்தவர்.

3. கொலையை முதலில் எழுதுங்கள்

மணி வாரியாக. இதற்கு லாங் சைஸ் நோட்டுதான் சரி, ஆப் எதுவும் வேண்டாம். இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் டாக்டர் கண்ணில் பட்டது என்று எதிரெதிரே வைத்துப் பார்க்க நோட்டில்தான் முடியும்.

4. இறந்த நேரம்

நான் சறுக்கிய இடம் இது. "உடல் தளர்ந்துவிட்டது, செத்து ஒரு நாள் ஆகிவிட்டது" என்று டாக்டரைப் பேச வைத்திருந்தேன். ஒத்திகை பார்க்க வந்த ஒரு நர்ஸ் அக்கா, "ஏற்காட்டுக் குளிரிலா?" என்று கேட்டார். கதையின் முடிச்சே அந்த வசனத்தில்தான் இருந்தது. மூன்று காட்சிகளைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

கணக்கு இதுதான். இறந்தபின் உடல் முதலில் விறைக்கும், பிறகுதான் தளரும். நம் நாட்டில் விறைப்பு 2, 3 மணி நேரத்தில் தொடங்கி, சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவும். கோடையில் 18 முதல் 36 மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். குளிர்காலத்தில் 48 மணி வரைகூட நிற்கும். சேலத்து வெயிலுக்கு எழுதியதை 1,500 மீட்டர் உயரத்து மலைக்குத் தூக்கிப் போக முடியாது. அப்புறம், எந்த டாக்டரும் "பத்தேகால் மணி" என்று சொல்ல மாட்டார். "இத்தனைக்குள்" என்பார், அவ்வளவுதான்.

விறைப்பை நம்புவதைவிட ரத்தத் தேக்கத்தை நம்புங்கள். இறந்தபின் ரத்தம் உடலின் அடிப்பக்கம் இறங்கும். சுமார் 6 முதல் 12 மணி நேரத்தில் அந்த நிறம் நிலைத்துவிடும், பிறகு புரட்டிப் போட்டாலும் மாறாது. அழுத்தம் பட்ட இடம் மட்டும் வெளுத்திருக்கும். திருத்திய காட்சி இப்படி வந்தது:

"குப்புறக் கிடந்தார்னுதானே சொன்னீங்க ஏட்டையா? முதுகைப் பாருங்க."

"என்னங்க டாக்டரய்யா, முதுகெல்லாம் கருஞ்சிவப்பா இருக்குது... நடுவுல வெள்ளை வெள்ளையா கோடு."

"குறுக்கும் நெடுக்குமா ஓடுது, பாத்தீங்களா?"

"கயித்துக் கட்டில் தடமுங்களே!"

உடலை இடம் மாற்றியிருக்கிறார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இனி ஏட்டையா கட்டிலைத் தேடிப் போவார். டாக்டர் ஆஸ்பத்திரியைத் தாண்டக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

பிற்சேர்க்கை: "அரளி விதை என்று டாக்டர் அங்கேயே கண்டுபிடிக்கலாமா?" என்று இருவர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். சந்தேகப்படலாம், அதோடு சரி. இரைப்பையையும் ஈரலையும் ஜாடியில் வைத்து, அரக்கு முத்திரையிட்டு, விஷம் இருக்கிறதா என்று சோதிக்கும் சென்னை கெமிக்கல் எக்ஸாமினர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். 1849-லேயே தொடங்கிய அலுவலகம் அது. பதில் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். என் நாடகத்தின் இரண்டாம் பாதி முழுக்க அந்த நாட்களில்தான் நடக்கிறது.