போரிலிருந்து மீண்டவர் வரையத் தொடங்குவது எப்படி

இலங்கையின் உள்நாட்டுப் போர் 2009 இல் முடிந்தது. ஆயினும் அதில் நின்றவர்களுக்கு, எந்தப் பக்கம் நின்றிருந்தாலும், கொழும்பில் தீபாவளி இரவில் வெடிக்கும் ஒரு பட்டாசு அந்த நாட்களை அனுமதி கேளாமலே திருப்பிக் கொண்டுவந்துவிடும். நினைவு தன் விருப்பப்படி வந்து போவதே மனவடுவின் கொடுமை. வரையும்போது எதை, எவ்வளவு, எதுவரை என்று தீர்மானிப்பவர் நீங்கள் என்பதனால் அது ஆறுதல் தரக்கூடும்.

தொடக்கத்துக்குப் பென்சிலும் நிறப்பென்சிலும் போதும். நீர்வர்ணம் நம் கட்டுப்பாட்டை மீறித் தாளில் பரவுவதால், அடங்கியிருக்கும் உணர்ச்சியையும் சட்டென்று கிளறிவிடக்கூடும். அதைச் சில வாரங்கள் தள்ளிவையுங்கள். ஏ4 தாளில் பாதியை எடுத்து, நான்கு ஓரங்களிலும் கோடு இழுத்து, அதற்குள் மட்டும் வரையுங்கள். உறங்கப் போகும் நேரத்தைத் தவிர்த்து, பகல் வெளிச்சத்தில், கதவு கண்ணில் படும்படி அமர்ந்து, 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பு வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலும், வீட்டோடு ஒட்டி வாடகைக்கு விடப்படும் அனெக்ஸ்களிலும் தனியறை எளிதில் வாய்ப்பதில்லை; ஆகவே, பின்னால் வந்து தோளைத் தொடாமல் முன்னால் நின்று பெயர் சொல்லி அழைக்குமாறு வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாட்களில் போரை வரைய வேண்டாம். யன்னல், தேநீர்க் கோப்பை, உங்கள் இடது கை ஆகியவை போதும். பின்னர் நினைவுக்குள் செல்வதானாலும் ஓரத்திலிருந்தே செல்லுங்கள்: அன்றைய வானத்தின் நிறம், மண், கழன்று கிடந்த ஒரு செருப்பு. முதலாம் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கிப் படையில் இருந்த ஜெர்மானிய ஓவியர் ஒட்டோ டிக்ஸ், இடிந்த வீடுகளுக்குள் தவழ்ந்து செல்வதாக ஆண்டுக்கணக்கில் கனவு கண்டவர். அகழிகளையும் பிணங்களையும் காட்டும் 50 செதுக்கோவியங்களை அவர் வெளியிட்டது 1924 இல், போர் முடிந்து ஆறு ஆண்டுகளின் பின்னர். நீங்களும் அவசரப்பட வேண்டியதில்லை.

மூச்சு முட்டினாலோ, கை குளிர்ந்து விறைத்தாலோ, அறையின் ஓசைகள் எங்கோ தொலைவில் கேட்பதுபோல் தோன்றினாலோ, அலாரம் அடிக்கும்வரை காத்திராமல் பென்சிலைக் கீழே வையுங்கள். பாதங்களைத் தரையில் அழுத்தி, முகத்தைக் குளிர்ந்த நீரில் கழுவி, கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயர்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். முடிந்தால் கடற்கரையோரமாகச் சிறிது தூரம் நடந்து வாருங்கள். அந்தப் படத்தை அன்றே முடிக்க முயல வேண்டாம்.

விகாரமகாதேவிப் பூங்காவை அடுத்த வீதியோரத்தில் விற்பனைக்கு வைத்திருக்கும் ஓவியங்களோடு உங்கள் படத்தை ஒப்பிடாதீர்கள். சீருடையும் இலச்சினையும் வரைந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. பிறர் கண்ணில் பட்டால் சங்கடம் வருமென அஞ்சுவோர் அவற்றை விட்டுவிடலாம். கிழித்துப் போடவும் உங்களுக்கு உரிமையுண்டு.

போரில் நீங்கள் பட்டதைவிட நீங்கள் செய்தது வாட்டுகிறது என்றால், தாளோடு மட்டும் தனித்திருக்காதீர்கள். அந்தப் பாரத்துக்கு இன்னொரு மனிதர் தேவை. உறக்கம் கெட்டு, குடி கூடி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைதூக்கினால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை உடனே அழையுங்கள். மனநல வைத்தியரிடம் செல்லும்போது படங்களைக் கோப்பில் இட்டு எடுத்துச் செல்லலாம். சொல்ல வாய் வராத இடத்தில், நீங்கள் காட்ட விரும்பும் ஒன்றை மட்டும் எடுத்து அவர்முன் வையுங்கள்.