பிளஸ் ஒன் குரூப்: ஓவியம், போட்டோகிராபி படிக்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் குரூப் கேட்டு நிற்கும் வரிசையில் அடிக்கடி கேட்கும் பேச்சு: “படம் வரையுறதுக்கும் போட்டோ எடுக்குறதுக்கும் எந்த குரூப்பா இருந்தா என்ன?” இது பாதிதான் சரி. பெரியமேட்டில் 1850-ல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரியின் நான்காண்டு பி.எஃப்.ஏ. (கவின் கலை இளங்கலை) படிப்புக்கு எந்த குரூப் படித்தவரும் போகலாம். அங்கே பார்ப்பது வரையும் கையை. விஸ்காமும் (விஷுவல் கம்யூனிகேஷன்) பெரும்பாலும் அப்படித்தான்.

சிக்கல் மற்ற படிப்புகளில். தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தின் ஒளிப்பதிவுப் படிப்பு பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கேட்டுவந்த படிப்பு. கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க். போக இயற்பியலும் கணிதமும் கட்டாயம். காமர்ஸ் எடுத்துவிட்டு இரண்டு வருடம் கழித்து ‘ஒளிப்பதிவு படிக்கணும்’ என்று தோன்றினால் திரும்பிப் போக வழியில்லை. ஆகவே முதல் தவறு, கல்லூரித் தகுதியைப் பிளஸ் டூ முடித்த பிறகு தேடுவது. மனதில் இருக்கும் மூன்று படிப்புகளை எழுதி, இந்த வருட விளக்கக் கையேட்டில் தகுதிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பள்ளிக்குப் போங்கள்.

அடுத்தது, இயற்பியலுக்குப் பயந்து ஒதுங்குவது. கேமரா பக்கம் மனம் சாய்ந்த பிள்ளைக்கு எங்கள் ஓட்டு இயற்பியலுக்குத்தான். லென்ஸ் துளை எண்கள் 2.8, 4, 5.6, 8 என்று ஏன் விநோதமாக ஏறுகின்றன? ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் சுமார் 1.4 மடங்கு. எண் ஏற ஏறத் துளையின் விட்டம் அதே அளவில் சுருங்கும். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, 1.4-ன் வர்க்கம் ஏறக்குறைய 2. அதனால் ஒரு படி, அதாவது ஒரு ‘ஸ்டாப்’, ஏறினால் உள்ளே வரும் ஒளி சரிபாதி ஆகும். இது புரிந்தவர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கல்யாண மண்டபக் குரூப் போட்டோவில் முன்வரிசை வெளுத்து, பின்வரிசை இருண்டு போவதும் இதே கணக்குதான். ஃபிளாஷ் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். முன்வரிசை 1 மீட்டரிலும் பின்வரிசை 2 மீட்டரிலும் இருந்தால் பின்னால் நிற்பவருக்குக் கால்பங்கு ஒளிதான், அதாவது இரண்டு ஸ்டாப் குறைவு. மூன்று மீட்டர் பின்னால் போய், ஜூம் செய்து, ஃபிளாஷின் பவரைக் கூட்டி எடுங்கள். இப்போது தூரம் 4-ம் 5-ம். வித்தியாசம் ஒரு ஸ்டாப்கூட இல்லை.

காசிமேட்டில் தண்ணீரின் பளபளப்பை வெட்ட போலரைசர் ஃபில்டர் மாட்டுவார்கள். நேர் கீழே பார்த்து எடுத்தால் அது வேலை செய்யாது. செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் நன்றாக வெட்டும். பிளஸ் டூ பாடத்தில் வரும் புரூஸ்டர் விதி இதுதான். படகின் பெயின்ட் உதிர்ந்த வெற்று இரும்பு மினுக்கினால் அதை இந்த ஃபில்டர் பெரிதாகக் குறைக்காது. தவிர, ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் ஒளியையும் அது தின்றுவிடும், அதை ஈடுகட்ட ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். விடியற்காலை மீன் ஏலத்தில், வெளிச்சம் குறைந்த நேரத்தில் மாட்டிவிட்டு ‘படம் ஆடிப்போச்சு’ என்று லென்ஸைத் திட்டிப் பயனில்லை.

ஓவியம்தான் என்று உறுதியாக இருப்பவருக்குக் கதை வேறு. மார்க் நிறைய வந்துவிட்டது என்பதற்காக பயோ-மேத்ஸில் தள்ளுவது இங்கே வழக்கமான தவறு. காலையும் மாலையும் டியூஷன் என்று ஆனால் ஸ்கெட்ச் புக் இரண்டு வருடம் மூடியே கிடக்கும், நுழைவுத் தேர்வில் கை இறுகிப் போயிருக்கும். இவர்களுக்கு வரலாறு இருக்கும் குரூப் ஒன்றும் மட்டம் இல்லை. பல்லவர், சோழர் கட்டடக்கலையைப் பாடத்திலேயே படித்துவிட்டு மாமல்லபுரத்தில் போய் உட்கார்ந்து வரைந்தால் அது நேரடிப் பயிற்சி. செராமிக், அச்சுக்கலைப் பக்கம் போக நினைப்பவர் மட்டும் வேதியியலைச் சுலபமாக விட்டுவிட வேண்டாம். மண்பாண்டத்துக்குப் பளபளப்பு தரும் கிளேஸ் பூச்சைக் கலப்பதும் அமிலம் கொண்டு உலோகத் தகடு அரிப்பதும் அங்கே தினசரி வேலை.

பெயரைப் பார்த்து ஏமாறுவது கம்ப்யூட்டர் பாடத்தில். பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தானும் தரவுத்தளமும்தான் பெரும்பகுதி. காமர்ஸோடு வரும் கணினிப் பயன்பாடுகளில் மல்டிமீடியா, பக்க வடிவமைப்பு உண்டு. போட்டோ எடிட்டிங்குக்காக இரண்டில் எதையும் எடுக்காதீர்கள், அதைத் தனியாகத்தான் கற்க வேண்டும். கணக்குப்பதிவியலை யாரும் கலையோடு சேர்த்து யோசிப்பதில்லை. தனியாகத் தொழில் செய்பவருக்கு அட்வான்ஸ், பாக்கி, கேமரா தேய்மானம் எழுத அது உதவும்.

ஓவியம் பாடமாக இல்லையே என்று குரூப்பையே மாற்றவும் வேண்டாம். டிராயிங் லோயர், ஹையர் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதலாம்.

வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் இயற்பியல் குரூப் இல்லையென்றால், இருப்பதை எடுத்துவிட்டுப் பிறகு மாறலாம் என்று காத்திருப்பது ஆபத்து. வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் மாற்றம் கேளுங்கள். காலாண்டுத் தேர்வு தாண்டிவிட்டால் பாடத்தோடு செய்முறைப் பதிவேட்டையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும். இயற்பியலின் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70-தான், செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10.