துகள் ஓட்டத்தை பாராவியூவில் சரியாகப் பார்க்க

லிக்ட்ஸ் (LIGGGHTS) போன்ற, துகள்களின் இயக்கத்தைத் தனித்தனியாகக் கணக்கிடும் டெம் (DEM) மென்பொருளின் முடிவுகளை, தரவைப் படமாகக் காட்டும் பாராவியூவில் (ParaView) திறந்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வடிவத்தை வரையும் கிளிஃப் (Glyph) ஃபில்டர் போட்டதும் பாதித் துகள்களைக் காணோமா? டேட்டா தொலையவில்லை. கிளிஃப் மோட் இயல்பாகவே சில ஆயிரம் புள்ளிகளைத்தான் பொறுக்கிக் காட்டும். அதை 'ஆல் பாயிண்ட்ஸ்' என்று மாற்றுங்கள்.

அடுத்தது அளவு. கிளிஃப் டைப் ஸ்பியர், ஸ்கேல் அரே (அளவைத் தீர்மானிக்கும் தரவு) ரேடியஸ், ஸ்கேல் ஃபேக்டர் கட்டாயம் 2. அங்குள்ள கோளத்தின் ஆரம் 0.5 என்பதால், 1 என்று விட்டால் துகள்கள் பாதி அளவில் தெரியும். ஒட்டிக் கிடக்கும் குவியல்கூட இடைவெளி விட்டு மிதப்பதுபோல் இருக்கும். தொடர்பு விசையில் பிழை என்று நினைத்து வீணாகத் தேடுவோம். துகள்கள் லட்சக்கணக்கில் இருந்தால் கிளிஃப் திணறும், பாயிண்ட் காஸியன் (Point Gaussian) என்ற எளிய காட்சி முறை போதும்.

வேகத்துக்கு நிறம் கொடுக்கும்போது நிற வீச்சை (எந்த வேகத்துக்கு எந்த நிறம் என்ற எல்லையை) முழு ஓட்டத்துக்கும் ஒன்றாக நிலைநிறுத்துங்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அது மாறினால் நின்றுபோன துகளும் சிவப்பாகத் தெரியலாம்.

துகள் சென்ற பாதையை வரைய 'டெம்போரல் பார்ட்டிக்கிள்ஸ் டு பாத்லைன்ஸ்' ஃபில்டர். இதற்கு டெம் மென்பொருள் எழுதும் டம்ப் கோப்பில் துகளின் ஐடி இருந்தே ஆக வேண்டும். கோப்பில் துகள்களின் வரிசை ஒவ்வொரு நேரப் படியிலும் மாறும் என்பதால், ஐடி அரேயைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் பாயும். மாஸ்க் பாயிண்ட்ஸ் 100 என்றிருக்கும், அதாவது நூறில் ஒரு துகளுக்குத்தான் கோடு. எல்லாம் வேண்டுமென்றால் 1.